டூலாக் பாதையில் செத்தவர்கள் எத்தனை பேர்? கேலிக் வாய்மொழிக் கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

#1 மேற்குக்கடல்

எல்லாருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருஷமாகச் செவிலியாக இருக்கிறேன். வரலாறும் நாட்டார் வழக்காறும் தெரிந்தவர்கள் இங்கே நிறைய என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். இரவுப் பணியில் மாத்திரை கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர்க்கதை ஆரம்பித்துவிடுவார். போன மாதம் ஒரு ராத்திரி, நாளைக்கு லீவு, டூலாக் பக்கம் நடக்கப் போகிறேன் என்றேன். பேச்சு நின்றுவிட்டது. போர்வையை ஓரிடத்தில் தூக்கி மேடாக்கினார். பக்கத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பள்ளமாக்கினார். "இது மலை. இது ஏரி. இந்த மடிப்புதான் பாதை" என்று இரண்டு விரலை அந்த மடிப்பில் நடத்திக்கொண்டே போனார்.

அவர் சொன்னது இது. 1849, பஞ்சகாலம். லூயிஸ்பர்க் என்ற சிற்றூரில் நிவாரணத்துக்காக ஜனம் கூடி நிற்கிறது. பார்வையிட வந்த அதிகாரிகள், மறுநாள் காலை ஏழு மணிக்கு டெல்ஃபி மாளிகைக்கு வந்து நில்லுங்கள், வராதவர்களுக்கு உதவி நிறுத்தப்படும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏறக்குறைய 19 கிலோமீட்டர். மார்ச் கடைசி, எலும்பை உறைய வைக்கும் குளிர். ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போனால், துரைமார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், காத்திருங்கள் என்று பதில். கடைசியில் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் ஏரிக்கு மேலே பாறைச் சரிவில் காற்று அடித்து... இந்த இடத்தில் விரலை மடிப்பிலிருந்து பள்ளத்துக்குள் சறுக்கிவிட்டார். "அறுநூறு பேர்" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை.

காலையில் பணி முடிந்து கிளம்பும்போது கூப்பிட்டு, தன் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "சட்டைப்பையிலேயே இருக்கட்டும்" என்றார். வயசானவர் பாசம் என்று வாங்கிக்கொண்டேன்.

போனேன். டூலாக் என்றால் கரிய ஏரி என்று அர்த்தம், பார்த்தால் பொருத்தமான பெயர்தான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒற்றைச் சாலை, வீடு வாசல் எதுவும் கிடையாது. பாதையோரம் ஒரு நினைவுக்கல். அதில் காந்தியின் வாக்கு பொறித்திருக்கிறது! சக மனிதனை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை காண்கிறார்கள் என்று கேட்கும் வாக்கு. அந்த அத்துவானத்தில் அந்தப் பெயரைப் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

திரும்பி வந்து நூலகத்தில் தேடினேன். 1849 ஏப்ரலில் ஒரு மேயோ பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதம்தான் அன்றைய சாட்சி. பாதையோரம் கிடந்த உடல்கள் 7, வீடு வந்து சேராதவர்கள் இன்னும் 9 பேர் என்கிறது. நானூறு அறுநூறு என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.

அப்படியானால் பெரியவர் சொன்னது பொய்யா? மனசு ஒப்பவில்லை. கேலிக் கதைசொல்லிகளைப் பற்றி ஊர் உலகமே பெருமையாகப் பேசுகிறது. அவர்கள் சொன்னதில் எவ்வளவு நடந்தது?

#2 பழஞ்சுவடி

மேற்குக்கடல் அம்மா, நல்ல கேள்வி. நான் முப்பது வருஷம் ஆவணக் காப்பகத்தில் இருந்தவன். என் பதிலை மறைக்காமல் சொல்கிறேன்: எண், தேதி, பெயர் மூன்றுக்கும் வாய்மொழியை நம்பக்கூடாது. நூறு வருஷத்துக்குமேல் வாயில் இருந்த கதையில் எந்தப் பெயரும் தன் இடத்தில் நிற்காது.

ஸ்காட்லாந்து கேலிக் மரபிலேயே ஓர் உதாரணம். பிரகான் ஞானதிருஷ்டிக்காரர் என்று கொயினியாக் ஓடர் பெயரை அங்கே குழந்தைக்கும் தெரியும். சீஃபோர்த் பிரபு பாரீஸில் இன்னொரு பெண்ணோடு இருப்பதை அவர் மனைவியிடம் சொன்னதால், அந்தச் சீமாட்டி இவரைச் சானன்ரி முனையில் தார்ப்பீப்பாயில் போட்டு எரித்தாள் என்பது கதை. அதாவது 17ஆம் நூற்றாண்டு. ஆனால் அந்தப் பெயர் அரசு ஏட்டில் வருவது 1577இல். மாந்திரீகக் குற்றத்துக்காகப் பிடித்து வரச் சொல்லும் ஆணை அது, பின்னணியில் வேறொரு குடும்பத்தின் விஷச் சதி. சீஃபோர்த் சீமாட்டி காலத்துக்கு மூன்று தலைமுறை முந்தியது. மனிதர் இருந்தார், மாந்திரீகப் பெயரும் இருந்தது. காலம், எதிரி, வீடு எல்லாவற்றையும் கதை மாற்றிவிட்டது.

கதை அழகு. அதை வரலாறு என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

#3 கிளைட்கரை

ஐயா சொன்னதிலை பாதி சரி. நான் கிளாஸ்கோவிலை இருக்கிறன், மூண்டு வருசமா மாலை வகுப்பிலை கேலிக் படிக்கிறன். கிளென்கோ எண்ட ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்கின்ரை கதையை வைச்சுச் சொல்லுறன், பாருங்கோ.

1692 பெப்ரவரி 13 விடியப்புறம் நடந்த படுகொலை. கிட்டத்தட்டப் பன்னிரண்டு நாள் அந்தப் பள்ளத்தாக்குச் சனத்தின்ரை வீடுகளிலையே தங்கி, அவையின்ரை சாப்பாட்டைச் சாப்பிட்ட படையாட்கள்தான் அவையைக் கொலை செய்தது. செத்தது 38 பேர் எண்டுதான் வழமையாச் சொல்லுறவை. பனிக்குள்ளை ஓடிச் செத்த பெண்டுபிள்ளையள் வேறை.

ஊர்க்கதை என்ன சொல்லுது எண்டால், முதல்நாள் பின்னேரம் ஒரு படையாள் பெரிய பாறை ஒண்டுக்குப் பக்கத்திலை நிண்டு பாறையோடை கதைச்சவனாம். "பாறையே, இந்தப் பள்ளத்தாக்கிலை நிக்க உனக்கு உரிமை இருக்கு. ஆனால் இண்டைக்கு ராவு நடக்கப்போறது தெரிஞ்சால் நீயும் இஞ்சை நிக்க மாட்டாய்" எண்டு. மனுசரிட்டைச் சொன்னால் கட்டளை மீறல், அதாலை கல்லுக்குச் சொன்னவன். பக்கத்திலை நிண்டவனுக்கு விளங்கியிட்டுது. இதை ஆரும் கட்டுக்கதை எண்டுதான் சொல்லுவினம்.

ஆனால் 1695இலை விசாரணை ஆணைக்குழு வைச்சவை. அதிலை குலத்தலைவற்றை மகன்மார் சாட்சி சொல்லியிருக்கினம். அண்டு ராத்திரி காவல்காரர் ரண்டு பேர் தங்களுக்குள்ளை கதைச்சதைத் தாங்கள் கேட்டதாம், இந்த வேலை தனக்குப் பிடிக்கேல்லை எண்டு ஒருத்தன் சொன்னவன் எண்டு. பாருங்கோ, கல்லும் இல்லை, கவிதையும் இல்லை. ஆனால் அதே மனசு. படையாட்களுக்குள்ளையே விருப்பமில்லாத ஆட்கள் இருந்தவை எண்ட உண்மையைக் கதை முந்நூறு வருசமாக் காவிக்கொண்டு வந்திருக்கு.

அதே கதை பழியை மட்டும் பிழையான ஆளிட்டைப் போட்டுட்டுது, அதையும் சொல்லவேணும். கேம்பல் குலம் மெக்டோனல்ட் குலத்தைக் கொலை செய்தது எண்டு இண்டைக்கும் சனம் சொல்லும். படையோடை போன தலைவன் கேம்பல்தான், ஆனால் படையிலை கனபேர் கேம்பல் இல்லை. திட்டம் போட்டது ஸ்காட்லாந்துக்கான அரசுச் செயலாளர் டால்ரிம்பிள், கையெழுத்து வில்லியம் அரசர்.

#4 வண்டிப்பாதை

இடையில் ஒரு சின்னச் சந்தேகம். அயர்லாந்தா, ஸ்காட்லாந்தா? கேலிக் என்பது எது?

#5 கிளைட்கரை

ரண்டும்தான் தம்பி. அயர்லாந்திலை ஐரிஷ், ஸ்காட்லாந்து மேற்குத் தீவுகளிலை ஸ்காட்டிஷ் கேலிக். ஒரே தாய்க்குப் பிறந்த மொழியள். 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் ரண்டு கரைப் புலவர்மாரும் ஒரே செந்தர மொழியிலைதான் பாடினவை. அதாலை கதையளும் கடலைத் தாண்டிப் போய்வந்தது.

#6 தேன்மொழி

நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வு செய்கிறேன். மேற்குக்கடல் அக்கா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்வி பின்னிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

கேலிக் மரபில் கதை சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வகை கிடையாது. ஐரிஷில் ஷ்கேலீ என்பவர் நெடுங்கதைக்காரர். ஃபின் வீரன், அரசகுமாரன், ராட்சதன் என்று ராத்திரி முழுக்கப் போகும் கதைகள். ஷனஹீ என்பவர் ஊர்ச் செய்திக்காரர். யார் யாருக்கு என்ன உறவு, எந்த வயலுக்கு ஏன் அந்தப் பேர், எந்த வருஷம் எந்தக் குடும்பம் வெளியேற்றப்பட்டது என்பதெல்லாம் அவர் கணக்கு. முன்னவருக்குக் கிடைத்த மரியாதை தனி. கான்னமாரா பகுதியில் ஏமன் அ பூர்க் என்ற தையல்காரர் 1938இல் சொல்லிப் பதிவான ஒரே கதை முப்பதாயிரம் சொல் தாண்டும்.

இந்த நெடுங்கதைகளை முடிக்கும்போது ஒரு வழக்கமான வாசகம் உண்டு: "இதுதான் என் கதை, இதில் பொய் இருந்தால் இருக்கட்டும், கட்டியவன் நானில்லை." சொல்பவரே கேட்பவரிடம் கணக்கு முடித்துவிடுகிறார். ஊர்ச் செய்தி சொல்பவர் இப்படி முடிப்பதில்லை. "என் பாட்டி கண்ணால் பார்த்தது", "அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்" என்று அவர் சாட்சி வைக்கிறார்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் இதுதான். தெற்கு ஊயிஸ்ட் தீவில் டங்கன் மெக்டோனல்ட் என்ற கதைசொல்லி ஒரே வீரக்கதையை வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு சேகரிப்பாளர்களுக்குச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கிறது. நடுவில் வரும் அடுக்குத்தொடர்கள், கப்பல் கிளம்புவது, வீரன் கவசம் பூட்டுவது எல்லாம் பழஞ்சொற்கள். சில சொல்லுக்குச் சொல்பவருக்கே அர்த்தம் தெரியாது, ஆனால் மாற்ற மாட்டார். ஊர்ச் செய்தியையோ அவரவர் வாய்ப்போக்கில், அன்றைக்கு எப்படி வருகிறதோ அப்படிச் சொல்வார்கள். அப்படியானால், வார்த்தை பிசகாமல் காப்பாற்றப்பட்டது நிஜம் என்று யாரும் உரிமை கொண்டாடாத கதை. நிஜம் என்று சத்தியம் பண்ணிச் சொன்னதோ வார்த்தைக்கு வார்த்தை காப்பாற்றப்படவே இல்லை. ஞாபகசக்தியைப் பார்த்து வியந்து அதை அப்படியே வரலாற்றுச் சான்றாக நீட்டிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது.

இதை முன்பே உணர்ந்த ஒருவர் உண்டு. 12ஆம் நூற்றாண்டு லைன்ஸ்டர் ஏட்டில் டாய்ன் என்ற பெருங்கதையை எழுதி முடித்த எழுத்தர், கடைசியில் ஐரிஷில் ஒரு வாழ்த்து எழுதுகிறார்: இதை இந்த வடிவிலேயே, வேறெதுவும் சேர்க்காமல் மனப்பாடம் செய்பவர்கள் எல்லாரும் வாழ்க. உடனே கீழே லத்தீனில்: இந்த வரலாற்றை, இல்லை, இந்தக் கட்டுக்கதையை எழுதிய நான் இதிலுள்ள சங்கதிகளை நம்பவில்லை, சில பேய்களின் ஏமாற்று, சில புலவர் புனைவு, சில நடந்திருக்கலாம், சில நடந்திருக்காது, சில மூடர்கள் ரசிப்பதற்கு. ஒரே கையெழுத்து. தாய்மொழியில் காப்பாற்று என்கிறார், படித்த மொழியில் நம்பாதே என்கிறார். இரண்டையுமே மனதார எழுதியிருக்கிறார் என்றுதான் படுகிறது.

அக்கா, உங்கள் பெரியவர் ஊர்ச் செய்திக்காரர். வீரக்கதையின் அளவுகோலை அவருக்கு வைக்கக்கூடாது.

#7 கல்வெட்டுப்பிரியன்

நண்பர்களே, நூறு இருநூறு வருஷத்தை விடுங்கள். ஐயாயிரம் வருஷத்துக்கு வருகிறேன்!

பாய்ன் ஆற்றங்கரையில் நியூகிரேஞ்ச் என்ற கல்லறை மேடு. கி.மு. 3200 வாக்கில் கட்டியது. சூரியன் ஒரு நாள் உள்ளே வந்து சுருள் செதுக்கிய கல்லைத் தொடும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. அகழாய்வு செய்த ஓகெல்லி காதிலும் அது விழுந்தது. வாசலுக்கு மேலே ஒரு சாளரப் பெட்டியும் கிடைத்திருந்தது. 1967 டிசம்பர் 21 விடியற்காலை தனியாகப் போய் உள்ளே உட்கார்ந்தார். வெயில் சாளரம் வழியாக நுழைந்து உள்ளறைத் தரை வரை வந்தது, 17 நிமிஷம் நின்றது.

இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே டவுத் என்று இன்னொரு மேடு. 11ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த இடப்பெயர்க் கதை ஒன்று: வானத்தை எட்டும் கோபுரத்தை ஒரே பகலில் கட்ட ராஜா ஆட்களைத் திரட்டுகிறான், அவன் தங்கை மந்திரத்தால் சூரியனை நிறுத்துகிறாள், ராஜா தங்கையோடு கூடுகிறான், மந்திரம் உடைந்து இருட்டிவிடுகிறது. அந்த வட்டாரத்தில் ஒரு மேட்டுக்கே அந்தப் பாவத்தின் பெயர். 2020இல் நேச்சர் இதழில் மரபணு ஆய்வு வந்தது. நியூகிரேஞ்ச் உள்ளறையில் புதைக்கப்பட்ட ஆணின் தாயும் தந்தையும் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும்! படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

#8 பழஞ்சுவடி

தம்பி, எனக்கும் சிலிர்க்கத்தான் செய்தது. ஆனாலும் மூன்று விஷயத்தை நிறுத்துப் பாருங்கள்.

ஒன்று, கோபுரம் கட்டி வானத்தை எட்டுவது பைபிளில் வரும் பாபேல். எழுதியவர்கள் துறவிகள். அவர்கள் கைபடாத கேலிக் பழங்கதை எதுவும் நமக்கு வரவில்லை. இரண்டு, கதை ஒரு மேட்டைப் பற்றியது, எலும்பு கிடைத்தது இன்னொரு மேட்டில். மூன்றாவதுதான் முக்கியம். இடப்பெயர்க் கதைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மண்ணுக்குள் எதோடும் பொருந்தாத கதைகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. பொருந்திய ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் எந்த மரபும் அதிசயமாகத்தான் தெரியும்.

டாய்ன் கதையையே எடுங்கள். கென்னத் ஜாக்சன் 1964இல் அந்தக் கதைக்கூட்டத்தை இரும்புக்காலத்தைப் பார்க்கும் ஜன்னல் என்றார். பிறகு மாலரி என்ற தொல்லியலாளர் கதையில் வரும் வாள்களையும் வெள்ளிச் சாமான்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அயர்லாந்து மண்ணில் கிடைத்த இரும்புக்கால வாள்கள் குட்டையானவை. கதையில் வீரர்கள் சுழற்றும் வாள் அதைப் பதிவு செய்தவர்கள் காலத்து வாளோடுதான் ஒத்துப்போகிறது. சொல்பவன் தான் கண்ட வாளைத்தான் வீரன் கையில் கொடுத்திருக்கிறான்.

இடத்தை மட்டும் மறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதையின் தலைநகரான ஏவன் மகாவில் தோண்டியபோது 40 மீட்டர் குறுக்களவில் பெரிய மர வட்டக் கட்டடத்தின் தடம் வந்தது. நடுத்தூணுக்கு மரம் வெட்டியது கி.மு. 95 வாக்கில். உள்ளே கல்லை நிரப்பித் தீ வைத்து மேலே மண்மூடியிருக்கிறார்கள். அரண்மனை இல்லை, ஏதோ சடங்கு. என்ன நடந்தது என்பது மறந்துபோய், இங்கே பெரிதாக ஏதோ நடந்தது என்பது மட்டும் ஆயிரம் வருஷம் நின்றிருக்கிறது.

#9 கிளைட்கரை

ஐயா, வாயைப் பற்றிச் சொன்னியள். காகிதத்தைப் பற்றியும் ஒண்டு சொல்ல விடுங்கோ.

1760களிலை மெக்ஃபெர்சன் எண்டவர் ஓசியன் எண்ட பழம்புலவற்றை காவியத்தைக் கண்டுபிடிச்சன் எண்டு ஆங்கிலத்திலை வெளியிட்டார். ஐரோப்பாவே மயங்கினது. சாமுவேல் ஜான்சன் 1773இலை தீவுகளுக்குப் போய்வந்து, நூறு வருசப் பழமையான கேலிக் கையெழுத்துப் பிரதி ஒண்டுகூட உலகத்திலை இல்லை எண்டு அடிச்சுச் சொன்னார். ரண்டு பேரும் பிழை. மெக்ஃபெர்சன் ஊர்ப்பாட்டுகளை எடுத்துத் தன்ரை கற்பனையிலை கரைச்சவர். ஆனால் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலையே லிஸ்மோர் பாதிரியார் எழுதிவைச்ச ஏட்டிலை ஓசியன் பாட்டுகள் கிடக்கு. ஜான்சனுக்கு அது தெரியாது.

இந்தச் சண்டையை விசாரிக்க ஹைலண்ட் சங்கம் ஆட்களை அனுப்பினது. 1800இலை லாக்லன் மெக்முரிக் எண்ட கிழவர் வாக்குமூலம் குடுத்தார். அவற்றை குடும்பம் தலைமுறை தலைமுறையாக் குலத்தலைவர்மாருக்குப் புலவராயும் வரலாற்றுக்காரராயும் இருந்தது. முதற் புலவர் முரியடாக்கிலை இருந்து தான் பதினெட்டாம் தலைமுறை எண்டு சொன்னார். அவருக்கு எழுதத் தெரியாது, காலம் அப்பிடி மாறிப்போச்சு. குடும்பத்திலை இருந்த தோல் ஏடுகள் எங்கை எண்டு கேட்டினம். சிலதைத் தையல்காரர் அளவு எடுக்கிற பட்டியாய் வெட்டினதைத் தான் கண்ணாலை கண்டனான் எண்டார்.

ஒரு குலத்தின்ரை முழு நினைவும் ஆரோ ஒருத்தற்றை இடுப்பைச் சுத்தின அளவுநாடாவாப் போச்சு, ஐயா. இதைப் படிச்ச அண்டு வகுப்பிலை நான் அழுதிட்டன். காகிதம் தப்பினால்தான் சாட்சி. இந்தச் சனத்தின்ரை காகிதம் தப்பேல்லை, தப்ப விடவும் இல்லை.

#10 பழஞ்சுவடி

அளவுநாடா விஷயம் எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஏடுகளோடு இருந்தவனுக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

#11 மேற்குக்கடல்

எல்லாருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். நன்றி. இந்த வாரம் நான் செய்ததைச் சொல்கிறேன்.

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறக்குறைய 5,000 தொடக்கப்பள்ளிகளில் ஒரு வேலை கொடுத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லி ஐம்பதாயிரம் பிள்ளைகள் வரை எழுதினார்கள். எல்லாமே இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. பிள்ளைகளின் கையெழுத்தோடு. மேயோ பள்ளிகளின் நோட்டுகளில் பஞ்சத்தைப் பற்றி எழுதியதை ராத்திரி ராத்திரியாகப் படித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று கண்ணில் பட்டது. இங்கே அவ்வளவு மோசமில்லை, அடுத்த ஊரில்தான் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. கஞ்சிக்காக மதம் மாறினவர்களும் அடுத்த ஊர். செத்த அண்டைவீட்டுக்காரனின் நிலத்தை மலிவாக வளைத்துப் போட்டவனும் அடுத்த ஊர். எல்லாருக்கும் அடுத்த ஊர் என்றால் அந்த ஊர் எது?

அப்போதுதான் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. பெரியவர் போர்வையில் காட்டிய பாதையில் லூயிஸ்பர்க் இருந்தது, டெல்ஃபி இருந்தது. அவர் சொந்த ஊர் இல்லை. அவர் வீடு அந்தப் பாதையிலிருந்து ரொம்பத் தூரமில்லை என்பது எனக்குத் தெரியும்.

#12 தேன்மொழி

அக்கா, நீங்கள் கண்டது ஆய்வாளர்களும் குறித்த விஷயம்தான். 1945இல் பஞ்சத்தின் நூற்றாண்டுக்காக ஆணையம் தனியாக ஒரு வினாப்பட்டியல் அனுப்பியபோதும் இதே விலகல் வந்தது. பிழைத்தவர்களின் பிள்ளைகள்தானே கதை சொல்ல மிஞ்சியவர்கள். எப்படிப் பிழைத்தோம் என்பதைப் பேரப்பிள்ளையிடம் சொல்லக் கூசியிருப்பார்கள்.

முதல் பதிவில் ஒரு விஷயத்தை நீங்கள் பாசம் என்று தாண்டிவிட்டீர்கள். அந்த ரொட்டித் துண்டு. பசிப்புல் என்று ஒரு நம்பிக்கை அங்கே உண்டு, ஃபேர் கோர்தா என்பார்கள். பசியால் ஒருவர் விழுந்து செத்த இடத்தில் முளைக்கும் புல். தெரியாமல் அதை மிதித்தால் நல்லா சாப்பிட்டவனுக்கும் திடீரென்று கொலைப்பசி எடுத்துக் கால் துவண்டுவிடும், கையில் ஒரு வாய் ரொட்டி இல்லாவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் சில பாதைகளில் போகும்போது பையில் ஒரு துண்டு வைத்துக்கொள்வார்கள்.

அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன். அவர் விரும்பினால் மட்டும். பதிவு செய்ய நினைத்தால் அவரிடமும் குடும்பத்திடமும் இல்லத்திலும் அனுமதி வாங்குங்கள். ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் கனமான பெட்டியைத் தூக்கிப் போய் மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். எழுதி எடுத்ததும் செலவு கட்டுப்படியாகாமல் மெழுகைச் சீவி அதே உருளையில் அடுத்தவர் குரலை ஏற்றினார்கள். வார்த்தைகள் காகிதத்தில் இருக்கின்றன, பெரும்பாலான குரல்கள் போய்விட்டன. கெர்ரியில் ஷான் ஓ கோனல் என்ற விவசாயி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. கேட்க ஆளில்லாமல் போன பிறகு, மறந்துவிடுமோ என்ற பயத்தில் மாடு மேய்க்கும்போது கல்சுவரைப் பார்த்துக் கை ஆட்டி முழுக்கதையும் சொல்வாராம். உங்கள் பெரியவருக்கு நீங்கள் கிடைத்திருக்கிறீர்கள்.

#13 பழஞ்சுவடி

கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்கள் அம்மா. அறுநூறு என்ற எண்ணை யார் வாயில் கேட்டார் என்று. சாட்சியம் எடுக்கும்போது ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

என் முதல் பதிலில் ஒரு திருத்தமும் செய்துகொள்கிறேன். 7, 9 என்பதும் முழுக்கணக்கு இல்லை. அந்தக் கடிதம் எழுதியவர் பத்து நாளுக்குள் தெரிந்ததை எழுதியிருக்கிறார். அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்து, நனைந்த உடம்போடு அடுத்த வாரம் குடிசையில் செத்தவர்களை யாரும் டூலாக் கணக்கில் சேர்த்திருக்கமாட்டார்கள். அறுநூறை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் பதினாறோடு நிறுத்தவும் எனக்கு உரிமையில்லை.

#14 வண்டிப்பாதை

கேட்டீர்களா அக்கா? தினமும் வந்து பார்க்கிறேன்.

#15 மேற்குக்கடல்

மன்னிக்கவும், தொடர்ந்து பகல் பணி. நேற்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. பதிவு எதுவும் செய்யவில்லை. இங்கே எழுதலாமா என்று கேட்டேன், பேர் போடாமல் எழுது என்றார்.

அறுநூறு எங்கே கேட்டீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கல் நட்ட சமயத்தில் எல்லாரும் பேசினார்கள். அப்புறம் ரேடியோவில்" என்றார். அம்மா எத்தனை பேர் என்று சொல்வார் என்றேன். அம்மா எண்ணிக்கையே சொன்னதில்லையாம். "அந்த ஜனங்கள்" என்று மட்டும்தான் சொல்வாராம். அம்மாவுக்கு அவருடைய பாட்டி சொன்னது. அந்தப் பாட்டி 1849இல் சின்னப் பெண். பழஞ்சுவடி ஐயா, நீங்கள் கேட்கச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். நான் நூலகத்தில் போய்ச் சண்டை போட்ட அந்த எண் அவர்கள் வீட்டுக் கதையிலேயே இல்லை.

பாட்டி என்னதான் சொன்னார் என்றேன். மறுபடி போர்வையை மடக்கினார். இந்த முறை பாதையின் வடக்கு முனையில், போன தடவை வெறுமையாக விட்ட இடத்தில், சுண்டுவிரலால் ஒரு புள்ளி வைத்தார். "எங்கள் வீடு." திரும்பி வந்தவர்களில் ஒரு பெண் ராத்திரி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். வீட்டில் காய்ச்சல் பயம். பஞ்சத்தோடு வந்த காய்ச்சல் பசியைவிட அதிகம் பேரைக் கொண்டுபோன காலம். கதவைத் திறக்கவில்லை. அந்தச் சின்னப் பெண் உள்ளே படுத்துக்கொண்டு தட்டும் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். காலையில் வாசலில் யாரும் இல்லை. அவ்வளவுதான் கதை. அந்தப் பெண் யார், வீடு போய்ச் சேர்ந்தாளா, அது இவர்களுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் தட்டினாலும், எந்நேரமானாலும், முதல் தட்டலிலேயே எழுந்துபோய்த் திறப்பார்களாம். அம்மா சாகும்வரை அப்படித்தான் என்றார். பசிப்புல்லுக்கான ஐரிஷ் சொல்லை நான் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பாதையில் யார் போனாலும் அம்மா ஒரு துண்டு ரொட்டி கொடுத்தனுப்புவாராம். "நீ தின்றுவிட்டாயா அதை?" என்று கேட்டார். இல்லை, அந்தக் கோட்டுப் பையிலேயே காய்ந்து கிடக்கிறது என்றேன். "அதை அங்கேயே போட்டுவிட்டு வா, புதுசு தருகிறேன்" என்றார்.

சனிக்கிழமை பணி இல்லை. காலைப் பேருந்தில் லூயிஸ்பர்க் போகிறேன்.